தீக்குச்சி செருகிய கேசட்டுகள்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் தெருவுக்குத் தெரு கேபிள் வயர் தொங்க ஆரம்பித்த பிறகு, உள்ளூர்ச் செய்தி ஒளிபரப்பு ஒன்றை நடத்திக்கொண்டிருந்த இருவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். தங்கள் செய்தியை எத்தனை வீட்டில் பார்க்கிறார்கள், அதனால் ஊருக்கு என்ன பயன் என்று கணக்கெடுத்துத் தரவேண்டும் என்றார்கள். நான் முன்பு ஒருமுறை அப்படிப்பட்ட வேலையைச் செய்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காபி கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பினேன். என் மனைவி, "வந்தவங்கள மூஞ்சிய முறிச்சா அனுப்புறது?" என்று கடிந்துகொண்டாள். காரணத்தை அவளிடமும் அன்று சொல்லவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டெஸ்டிங் லேப்பில் இருந்தேன். எங்கள் வேலை எளிமையானது. மெஷினிலிருந்து வரும் நூலில் கொஞ்சம் எடுத்துக் கண்டாகச் சுற்றி, இரண்டு கொக்கிகளில் மாட்டி, அறுகிற வரைக்கும் இழுப்போம். எந்த எடையில் அறுந்தது என்று எழுதுவோம். அறுந்த நூலைக் கழிவுக் கூடையில் போடுவோம். பதினைந்து வருடம் இதையே செய்ததில் எனக்கு ஒரு குணம் படிந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு எண் இருக்கவேண்டும் என்று தோன்றும். எண் இல்லாத பேச்சு எனக்கு வெறும் பேச்சு. கல்யாண வீட்டில் சாம்பார் நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால் கூட, எத்தனை பேரைக் கேட்டாய் என்று கேட்கிற ஆசாமி நான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொண்டு நிறுவனம் கிராமங்களுக்குச் செய்தி கேசட் அனுப்பிக்கொண்டிருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சுவரில் மெத்தைகளைத் தொங்கவிட்ட ஒரு சின்ன அறையில் பதிவு நடக்கும். ஒரு பக்கம் சுற்றுவட்டாரச் செய்திகள். மறுபக்கம் மருத்துவர் பேச்சும் விவசாயக் குறிப்பும். பன்னிரண்டு பிரதிகள் எடுத்து, பஸ் கண்டக்டர்கள் கையில் கொடுத்துப் பன்னிரண்டு ஊர்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பொறுப்பாளர் வீட்டில் நிறுவனத்தின் டேப் ரெக்கார்டர் ஒன்று இருக்கும். அவர் ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்துக் கேசட்டைப் போட்டுக் காட்டவேண்டும். பிறகு அதே பஸ்ஸில் கேசட் திரும்பி வந்துவிடும். அடுத்த செய்தியை அதன் மேலேயே பதிந்து மறுபடி அனுப்புவார்கள்.

இதற்கு உதவி செய்த வெளியூர் அமைப்பு, மூன்று வருடம் ஆகிவிட்டது, சம்பந்தமில்லாத ஒருவரை வைத்து ஆய்வு செய்யுங்கள் என்று எழுதியது. பன்னிரண்டு ஊருக்குத் தொடர்ந்து உதவ முடியாது, எட்டு ஊருக்குத்தான் முடியும், எந்த எட்டு என்பது ஆய்வில் தெரியவேண்டும் என்றும் எழுதியது. எங்கள் ஆலை மேனேஜர் அந்தத் தொண்டு நிறுவனத்தின் கமிட்டியில் இருந்தார். வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுகிற, இரண்டிலுமே அதட்டுகிற மனிதர். "நூலையே அறுத்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதுறவன், இது பெரிய விஷயமா உனக்கு?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சரி என்றேன்.

கேள்வித்தாள் அந்த அமைப்பே அனுப்பியிருந்தது. ஒரு கேட்பு நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள், அவர்கள் கையெழுத்திட்ட பதிவேடு உண்டா, கருவி எந்த நிலையில் இருக்கிறது, கேசட் குறித்த நாளில் திரும்பியதா, திரும்பியபோது பழுதில்லாமல் இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். எனக்குப் பிடித்துப்போன தாள் அது. ஆலைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஞாயிறுதோறும் ஒரு தூக்குச் சட்டியில் எலுமிச்சை சாதமும் தோளில் ஒரு பையுமாக ஊர் ஊராகப் போனேன்.

ஆலங்குளம் பக்கத்து ஊர் ஒன்றில் பொறுப்பாளர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மீசையும் பூட்ஸும் அப்படியே இருந்தன. அவர் வீட்டில் டேப் ரெக்கார்டர் பூவேலை செய்த துணியின் கீழே இருந்தது. துணியை விலக்கிக் காட்டினார். கடையிலிருந்து வந்தபோது பித்தான்களின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் கூட உரிக்கப்படவில்லை. அன்று கரண்ட் இல்லை. பேட்டரி போட்டால் கசிந்து கருவி கெட்டுவிடும், அதனால் போடுவதில்லை என்றார். பதிவேட்டை எடுத்து நீட்டினார். கோடு போட்டு, எண் போட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நாற்பதுக்குக் குறையாத கையெழுத்து. கடைசியில் சிவப்பு மையில் 'பயனுள்ளதாக இருந்தது'. நான் தாளில் 'கருவி புதிது போலப் பராமரிக்கப்படுகிறது' என்று எழுதினேன். பிறகு, கேட்காமலேயே, 'முன்மாதிரி' என்றும் எழுதினேன்.

அதற்கு அடுத்த வாரம் வத்திராயிருப்பைத் தாண்டிக் கூமாப்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனேன். பஸ் முந்தின ஊரிலேயே திரும்பிவிட்டது. இறங்கி மூன்று மைல் நடந்தேன். வெயில். பொறுப்பாளர் முப்பது வயதிருக்கும் ஒரு பெண். அவர் கணவர் எங்கோ வடக்கே ராணுவத்தில் இருந்தார். வீட்டின் முன்னறை முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து, தீப்பெட்டி ஆபீஸுக்காகக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மருந்து தோய்க்காத வெறும் குச்சிகளை மரச்சட்டத்தில் வரிசையாக அடுக்குகிற வேலை அது. பேச்சும் சிரிப்பும் வாசல் வரை கேட்டன. என்னைக் கண்டதும் எல்லாம் அடங்கிப்போயின.

டேப் ரெக்கார்டர் குச்சிக் குவியலுக்கு நடுவே இருந்தது. ஒரு பித்தான் உடைந்து, அதற்குப் பதிலாக ஒரு ஆணி. மேலே எண்ணெய்க் கறை. கைப்பிடியில் துணி சுற்றியிருந்தது.

"இது எப்படி உடைஞ்சது?" என்று கேட்டேன்.

"அமுக்கி அமுக்கி ஒடைஞ்சிருச்சு சார்," என்றார் அந்தப் பெண்.

பதிவேட்டைக் கேட்டேன். பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். நிறுவனம் கொடுத்த நோட்டு அப்படியே இருந்தது. முதல் பக்கத்தில் வரிசை எண், பெயர், கையெழுத்து என்று அச்சடித்த மூன்று கட்டங்கள். அவற்றுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"ஒருத்தரும் கையெழுத்துப் போடலையே?"

"கேக்க வந்தவியட்ட கையெழுத்துக் கேட்டா அடுத்த தடவ வருவாகளா சார்? எதுக்கு ஏதுன்னு பயந்துருவாக."

"அப்போ எத்தனை பேர் கேட்டாங்கன்னு நான் எப்படி எழுதுறது?"

"இருக்கவிய எல்லாம் கேக்கோம். எம்புட்டுன்னு யாரு எண்ணுனா?"

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. 'தெரியவில்லை' என்று எழுதினேன். தாளைப் பொறுத்தவரை தெரியவில்லை என்றால் பூஜ்யம்.

கேசட் பழுது பற்றி எனக்கு முன்பே தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தில் இந்த ஊரின் பெயரைச் சொன்னாலே பிரதி எடுக்கிறவர் தலையில் அடித்துக்கொள்வார். கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் எதையும் பதிய முடியாது. அந்த ஓட்டையை அடைத்தால் பதியலாம். அலுவலகத்தில் பற்களை உடைத்துத்தான் ஊர்களுக்கு அனுப்புவார்கள். இந்த ஊரிலிருந்து திரும்பி வருகிற கேசட்டில் மட்டும் அந்த ஓட்டையில் ஒரு தீக்குச்சித் துண்டு செருகியிருக்கும். மறுபக்கத்தைத் துளி ஓடவிட்டால் மருத்துவர் பேச்சுக்குப் பதில் வெறும் சரசரப்புதான் கேட்கும். ஒருமுறை குச்சி உள்ளே உடைந்து விழுந்து, பிரதி எடுக்கிற கருவியே இரண்டு நாள் நின்றுவிட்டது. அதிலிருந்து இந்த ஊர் கேசட்டுகளைத் தொடாமல் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே 'பழுது' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

"கேசட்டை ஏன் அழிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "செய்திய ரெண்டு தரம் போட்டுக் கேட்டுருவோம் சார். டாக்டரு பேச்சையும் கேட்டுருவோம். பொறவுதான்." பிறகு சட்டென்று கேட்டார்: "எங்க பஸ்ஸு விஷயம் என்னாச்சு சார்? ஆபீஸ்ல ஏதும் சொன்னாகளா?"

எங்கோ மனுக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். தாளில் பஸ்ஸுக்குக் கட்டம் கிடையாது. "அதெல்லாம் நீங்க ஆபீஸ்ல கேட்டுக்கிடுங்க," என்றேன். ஒரு பெண் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு மூன்று மைல் திரும்ப நடந்தேன்.

பன்னிரண்டு ஊரும் முடிந்து மதிப்பெண்களைக் கூட்டினேன். ஆலங்குளம் பக்கத்து ஊர் முதலிடம். மலையடிவாரத்து ஊர் பன்னிரண்டாவது. அறிக்கையை அனுப்புவதற்கு முன் நிறுவனத்தின் செயலாளர் அம்மாவிடம் காட்டினேன். எதையும் சத்தமாகச் சொல்லாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த ஊர்ல ஜனங்க நல்லா கூடுறதாத்தான் கண்டக்டர் சொல்வார் சார்," என்றார்.

"அதுக்குப் பதிவேட்டில் ஆதாரம் இல்லையேம்மா," என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டே மாதத்தில் உத்தரவு வந்தது. கடைசி நான்கு ஊர்களிலிருந்து டேப் ரெக்கார்டர்கள் திரும்பி வந்தன. ஆணி வைத்த கருவியும் வந்தது. அது எந்த ஊருடையது என்று யாரும் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

செயலாளர் அம்மா எனக்கு நன்றி சொல்லி ஒரு சால்வை போர்த்தினார். போகும்போது அந்த 'பழுது' பெட்டியைக் காட்டி, இதை நாங்கள் என்ன செய்ய, வீட்டில் பாட்டுப் பதிய வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இருபதுக்குப் பக்கத்தில் இருக்கும். சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். சினிமாப் பாட்டுப் பதிந்துகொள்ளலாம் என்று என் மனைவிக்கு ஏக சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்து, ஒரு கேசட்டை எடுத்தேன். டேப் நன்றாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாட்டுப் பதிய வேண்டும். அது என் குணம். மறுபக்கத்தைப் போட்டேன்.

முதலில் சரசரவென்று ஒரு சத்தம். டேப் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு புரிந்தது. குச்சிகள் அடுக்குகிற சத்தம் அது. அதன் மேல் அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"வணக்கம். வில்லிபுத்தூர் ஆபீஸ்ல இதக் கேக்கவியளுக்குச் சொல்லுதோம். நீங்க சொன்னத நாங்க கேட்டோம். இப்ப நாங்க சொல்லுதத நீங்க கேளுங்க."

நான் டேப்பின் ஒலியைக் கூட்டினேன்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்ன மருத்துவருக்கு ஒரு கிழவி பதில் சொன்னார்: "டாக்டரய்யா, தண்ணிக்கே ரெண்டு மைலு போறோம், வெறகுக்கு எம்புட்டுத் தூரம் போகணும்னு அதையும் சொல்லிருங்க." பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். பருத்திப் பூச்சிக்கு மருந்து சொன்னவருக்கு ஒருத்தி, அந்த மருந்து எங்கள் பக்கத்துக் கடையில் கிடையாது, அதற்குப் பதிலாக இன்னதை அடித்தோம், பாதிதான் கேட்டது என்று விவரமாகச் சொன்னாள். ஒரு நடுவயதுக் குரல், போன மாதச் செய்தியில் ஒரு ஊர்ப் பெயரைத் தவறாகச் சொன்னதைத் திருத்தியது. கோழி கத்தியது. "ஏட்டி, அத வெரட்டு, ஆபீஸ்ல என்ன நெனைப்பாக?" என்று யாரோ அதட்டினார்கள்.

ஒவ்வொரு கேசட்டாகப் போட்டேன். என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள், பிறகு அவளும் உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றிலும் பஸ் வந்தது. ரோடு சரியில்லை என்று பஸ் முந்தின ஊரிலேயே திரும்பிவிடுகிறது, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் இருட்டில் நடக்கவேண்டியிருக்கிறது. ஒரு கேசட்டில், "புரட்டாசி சனிக்கெழமைன்னா அதையும் உங்க ஊரு திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு விட்டுருதாக, அன்னைக்குப் பஸ்ஸே இல்ல." அதற்கடுத்ததில், "போன தடவயும் சொன்னோம். இருட்டுக்குப் பயந்து ரெண்டு பொம்பளப் புள்ளைய பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திட்டாக. நீங்க உங்க செய்தில சொன்னா பன்னெண்டு ஊருக்கும் தெரியும், பஸ்ஸுக்காரவிய காதுலயும் விழும்." அதற்கடுத்ததில், "உங்களுக்கு வேல சாஸ்தியா இருக்கும். இருந்தாலும் சொல்லுதோம்."

அவர்கள் இடையிடையே சொன்னதைக் கொண்டு எனக்கு மெல்லத்தான் விளங்கியது. இந்த ஊர்க்காரர்களுக்கு ராணுவத்தில் இருக்கிற பிள்ளைகளோடு கேசட்டில் பேசிப் பழக்கம். அங்கிருந்து ஒரு கேசட் வரும். கேட்டுவிட்டு அதன் மேலேயே பதில் பேசித் தபாலில் திருப்பி அனுப்புவார்கள். கேசட் வந்தால் பதில் பேசி அனுப்புவதுதான் முறை என்று நிறுவனத்தின் கேசட்டையும் அப்படியே செய்திருக்கிறார்கள். பேசாமல் திருப்பி அனுப்புவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. பற்கள் உடைந்திருந்ததால், கைக்கு அருகில் கிடந்த குச்சியைச் செருகியிருக்கிறார்கள். ஒருவர் கூட அதை முழுக்க ஓடவிட்டுக் கேட்கவில்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. பெட்டிக்குள் போடுவதற்கு முந்தின காலத்துக் கேசட்டுகளின் மேல் அடுத்த செய்தி பதிந்து, அவர்கள் பேசியது அழிந்தும் போயிருந்தது.

கடைசிக் கேசட் நான் போய் வந்த பிறகு பதிந்தது. "ஒரு சார் வந்திருந்தாக. வெயில்ல நடந்தே வந்தாக. எல்லாத்தையும் தாள்ல எழுதிக்கிட்டாக. பஸ்ஸு விஷயத்தையும் கேட்டோம். ஆபீஸ்ல கேளுங்கன்னாக, அதான் மறுபடியும் கேக்கோம். அவிய நல்ல மனுசரா தெரியுது. பாத்து எழுதுவாக."

டேப்பை நிறுத்தினேன். எனக்கு அவமானமாக இருந்தது. என் மனைவி, "யாரு அந்த சாரு?" என்று கேட்டாள். நான் கேசட்டை எடுத்து உறைக்குள் போட்டேன். அவளுக்கே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்தக் கேசட்டுகளில் பாட்டுப் பதியும் பேச்சை அவள் பிறகு எடுக்கவே இல்லை.

மறுநாள் அந்த வெளியூர் அமைப்புக்குக் கடிதம் எழுதினேன். என் அறிக்கை தவறு, நான் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை, பன்னிரண்டு ஊரில் பேச்சு இரண்டு பக்கமும் நடந்தது அந்த ஓர் ஊரில்தான் என்று எழுதினேன். பணிவான பதில் வந்தது. தங்கள் அறிக்கையின் அடிப்படையிலேயே முடிவெடுக்கப்பட்டது, தங்கள் நேர்த்தியான பணிக்கு மீண்டும் நன்றி.

ஆலங்குளம் பக்கத்து ஊர்ப் பதிவேட்டின் நகலை எடுத்து மறுபடி பார்த்தேன். எல்லா நிகழ்ச்சிக்கும் அதே பெயர்கள், அதே வரிசையில். வாக்காளர் பட்டியலின் வரிசை. உரிக்காத பிளாஸ்டிக் தாளும் ஞாபகத்துக்கு வந்தது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மேலிடம் பதிவேடு கேட்டது, அவர் பதிவேடு கொடுத்தார். நானும் அதைத்தானே கேட்டேன்.

கேசட்டுகளைச் செயலாளர் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றைக் கேட்டார், இரண்டைக் கேட்டார், மூன்றாவதில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அடுத்த செய்தியில் பஸ் விஷயத்தை அந்தப் பெண்ணின் குரலிலேயே சேர்த்தார். எட்டு ஊர்களுக்கு அது போனது. அது போகாத நான்கு ஊரில் அவர்கள் ஊரும் ஒன்று.

அதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பஸ் முந்தின ஊரிலேயே திரும்பியது. நடந்தேன். முன்னறையில் அதே பெண்கள், அதே குச்சிகள். டேப் ரெக்கார்டர் இருந்த இடத்தில் ஒரு மரச்சட்டம் இருந்தது. உட்காரச் சொன்னார்கள். அந்தப் பெண் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"நீங்க பேசினதையெல்லாம் கேட்டேன்," என்றேன்.

எல்லார் கையும் நின்றது. அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. "அப்படியா சார்? நாங்க கூட கேக்காகளோ இல்லையோன்னு நெனைச்சோம். எல்லாத்தையும் கேட்டீகளா?"

"இருக்கிறதை எல்லாம் கேட்டேன்."

"எத்தன பேரு சார் கேட்டீக?"

அவர் குத்திக் காட்டக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். பன்னிரண்டு ஊரில் நான் கேட்ட அதே கேள்வி. ஆபீஸில் எல்லாரும் கேட்டோம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"மூணு வருஷமா யாரும் கேக்கலைம்மா," என்றேன். "டேப் ரெக்கார்டர் போன பொறவுதான் நான் கேட்டேன். முதல்ல நான் ஒருத்தன்தான்."

கிழவி ஒருத்தி மட்டும் குச்சியை எடுத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய், பெட்டிக்கு அடியிலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்தார். கருவியை எடுத்துப் போனவர்கள் அதை மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முதல் பக்கத்தைத் திருப்பி, காலியான கட்டத்தில் அவரே ஒன்று என்று எழுதினார். நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

"போடுங்க சார்," என்றார்.

பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.